விதி 8(3)-ஐ நீக்குங்கள்: மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அமைச்சர் அவர்களுக்கும் அமைச்சகத்தின் செயலாளருக்கும் மற்ற அதிகாரிகளுக்கும் வணக்கம்.

நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். 2025 நவம்பரில் நீங்கள் அரசிதழில் வெளியிட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகளில், எட்டாம் விதியின் மூன்றாவது உட்பிரிவை நீக்க வேண்டும் என்று கேட்கத்தான் இதை எழுதுகிறேன். மக்களின் தரவைக் கையாளும் எந்த நிறுவனமும் அந்தத் தரவையும், அதோடு சேர்ந்த ட்ராஃபிக் டேட்டாவையும் (எங்கிருந்து எங்கே, எப்போது போனது என்ற விவரம்), மற்ற லாக் பதிவுகளையும் (கம்ப்யூட்டர் தானாக எழுதிவைக்கும் நடவடிக்கைக் குறிப்புகள்) குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும் என்று அந்த உட்பிரிவு சொல்கிறது. எதற்காக என்று பார்த்தால் ஏழாம் அட்டவணையைக் காட்டுகிறது. அந்த அட்டவணையைப் புரட்டினால் நாட்டின் இறையாண்மை, ஒருமைப்பாடு, பாதுகாப்பு, ஏதேனும் ஒரு சட்டத்தின்படி அரசு செய்ய வேண்டிய வேலை என்று போகிறது. வாடிக்கையாளருக்குத் தேவை என்பதற்காக வைக்கச் சொல்லவில்லை, நிறுவனத்துக்குத் தேவை என்பதற்காகவும் இல்லை. என்றைக்காவது அரசு கேட்டால் எடுத்துக் கொடுப்பதற்காக வைக்கச் சொல்கிறீர்கள்.

2025 ஜனவரியில் மக்களிடம் கருத்துக் கேட்டு வெளியிட்ட வரைவில் இப்படியொரு பொதுக் கட்டளை இல்லை. தரவுத் திருட்டு நடந்தால் கண்டுபிடிக்க வசதியாக லாக்குகளை ஓராண்டு வைத்திருங்கள் என்று ஒரு விதி இருந்தது. அதில் நியாயம் உண்டு, நானும் ஒத்துக்கொள்வேன். ஆனால் எல்லோருடைய தரவையும் அரசின் தேவைக்காக எல்லா நிறுவனங்களும் சேர்த்து வைக்க வேண்டும் என்பது இறுதி விதிகளில்தான் வந்து உட்கார்ந்தது. கேட்காத கேள்விக்கு மக்கள் எப்படிக் கருத்துச் சொல்லியிருக்க முடியும்? அதனால்தான் இப்போது சொல்கிறேன். அறிவிப்பின்படி இந்த விதி 18 மாதம் கழித்துத்தான், அதாவது 2027 மே மாதம்தான் அமலுக்கு வருகிறது. திருத்துவதற்கு அவகாசம் இருக்கிறது.

நான் சட்டம் படித்தவன் இல்லை. தென் தமிழ்நாட்டில் ஒரு சிறிய ஊரில், 'சி' பிரிவு உரிமம் (சிறிய பகுதிக்கு மட்டும் இணையச் சேவை தரும் உரிமம்) வைத்திருக்கும் ஒரு பிராட்பேண்ட் நிறுவனத்தில் நெட்வொர்க் வேலை பார்க்கிறேன். நீங்கள் வைக்கச் சொல்கிற பதிவுகளை வைத்திருக்கும் கம்ப்யூட்டர் என் மேசைக்குப் பின்னால்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் அந்தப் பதிவு எப்படி இருக்கும், அதில் என்ன தெரியும், என்ன தெரியாது என்பதை டெல்லியில் விதி எழுதுகிறவர்களுக்குக் கொஞ்சம் பக்கத்தில் காட்ட முடியும் என்று நினைக்கிறேன்.

ஒரு வரி என்றால் ஒரு இணைப்பு. தேதி, வினாடி வரை நேரம், வாடிக்கையாளரின் யூசர் ஐடி, அவர் வீட்டு ரூட்டருக்கு நாங்கள் கொடுத்த உள் ஐபி (இணையத்தில் ஒரு கருவிக்கான முகவரி எண்), வெளியே தெரியும் பொது ஐபி, போர்ட் எண் (ஒரே ஐபியில் இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் எண்), அவர் போய்ச் சேர்ந்த சர்வரின் ஐபி. மொபைல் நிறுவனம் என்றால் அதோடு கைபேசிக் கருவியின் அடையாள எண்ணான ஐஎம்இஐ-யும் எந்த டவரிலிருந்து இணைந்தார் என்பதும் சேரும். ஒரு வீட்டில் ஒருவர் ஒரு செய்தித் தளத்தைத் திறந்தாலே இப்படிப் பத்து, இருபது, சில சமயம் ஐம்பது வரி விழும், ஏனென்றால் செய்தி ஓரிடத்திலிருந்து வருகிறது, படம் இன்னோரிடத்திலிருந்து வருகிறது, விளம்பரம் நாலு இடத்திலிருந்து வருகிறது. சில ஆயிரம் இணைப்புகள் மட்டுமே உள்ள எங்களுக்கே நாளொன்றுக்கு ஜிபி கணக்கில் சேர்கிறது.

"நாங்கள் உள்ளடக்கத்தைப் பார்க்கவில்லையே, வெறும் போக்குவரத்து விவரம்தானே" என்பார்கள். ட்ராஃபிக் டேட்டா என்றால் என்ன என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69பி பிரிவே விளக்குகிறது: எங்கிருந்து, எங்கே, எந்த வழியாக, எப்போது, எவ்வளவு நேரம், எவ்வளவு அளவு. இன்றைக்குப் பெரும்பாலான தளங்கள் மறையாக்கத்தோடுதான் இயங்குகின்றன, என்ன எழுதினார், என்ன படித்தார் என்பது எங்களுக்குத் தெரியாது, உண்மைதான். ஆனால் ஒரு வீட்டிலிருந்து நள்ளிரவு தாண்டி மதுப்பழக்க மறுவாழ்வு மையம் ஒன்றின் தளத்துக்கு மூன்று நாள் தொடர்ந்து போய் வந்திருக்கிறார்கள் என்றால் உள்ளே என்ன படித்தார்கள் என்று யாராவது எனக்குச் சொல்ல வேண்டுமா? குழந்தைப்பேறு சிகிச்சை மருத்துவமனை, விவாகரத்து வழக்கறிஞர், தொழிற்சங்கத்தின் தளம், புற்றுநோய்க்கு மாற்று மருந்து தேடும் தளம்... போன இடமே போதும். நான் யாருடைய பதிவையும் இப்படிப் பிரித்துப் பார்த்ததில்லை. பார்க்க நினைத்தால் என்னைத் தடுக்க என் மனசாட்சியைத் தவிர அங்கே வேறு எதுவும் இல்லை என்பதைத்தான் சொல்ல வருகிறேன். இதேபோல் நாடு முழுக்க நூற்றுக்கணக்கான சின்ன நிறுவனங்கள், அவற்றில் என்னைப் போன்ற ஆட்கள், ஒரே பாஸ்வேர்டை நாலு பேர் பயன்படுத்தும் அலுவலகங்கள். இனி பலசரக்குச் செயலி, மருந்துக் கடைச் செயலி, டியூஷன் செயலி என எல்லோரும் இதே வேலையைச் செய்ய வேண்டும் என்கிறது உங்கள் விதி.

இதில் எதுவும் நேற்று தொடங்கியதும் அல்ல. பிரவுசிங் சென்டர்கள் இருந்த காலம் உங்களுக்கு நினைவிருக்கும். 2011-ல் வந்த சைபர் கஃபே விதிகள், வருகிறவர்களின் அடையாளச் சான்றை வாங்கிப் பதிவேட்டில் எழுதி, அவர்கள் பார்த்த இணையதளங்களின் வரலாற்றை ஓராண்டு சேமித்து வைக்கச் சொன்னது. தடுப்புப் பலகை நான்கரை அடிக்கு மேல் இருக்கக் கூடாது என்றுகூட அதில் உண்டு. நடந்தது என்ன? வாசலில் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம், அதில் பெயர், முகவரி, செல் நம்பர். கல்லூரிக்கு விண்ணப்பம் போட வந்த பெண் தன் நம்பரை எழுதிவிட்டு உள்ளே போவாள், அடுத்து வருகிறவன் கையெழுத்துப் போடும் சாக்கில் அதைக் குறித்துக்கொள்வான். எங்கள் ஊரில் இதற்காகவே பெண்களைத் தனியாக பிரவுசிங் சென்டருக்கு அனுப்பாத வீடுகள் இருந்தன. அந்த நோட்டால் பிடிபட்ட பயங்கரவாதி யாரையும் எனக்குத் தெரியாது. அந்த நோட்டால் தொல்லைப்பட்ட பெண்களைத் தெரியும்.

அப்புறம் 2021 டிசம்பரில் தொலைத்தொடர்புத் துறை உரிம நிபந்தனைகளைத் திருத்தி, அழைப்புப் பதிவுகளையும் (யார் யாருக்கு எப்போது பேசினார் என்ற விவரம்) ஐபி பதிவுகளையும் ஓராண்டு வைத்தால் போதும் என்றிருந்ததை இரண்டாண்டாக்கியது. 2022 ஏப்ரல் 28-ல் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஒரு உத்தரவு போட்டது: விபிஎன் (பயன்படுத்துகிறவரின் ஐபியை மறைத்து இணைக்கும் சேவை), கிளவுட் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் சரிபார்த்த பெயர், முகவரி, தொலைபேசி எண், கொடுத்த ஐபி, எதற்காகச் சேவையை வாங்கினார் என்பது வரை, அவர் சேவையை விட்டுப் போன பிறகும் ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். பதிவே வைக்க மாட்டோம் என்று வாக்குக் கொடுத்துத் தொழில் செய்த எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டுவிபிஎன் எல்லாம் இங்கிருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போய்விட்டன. விருப்பமில்லாதவர்கள் வெளியேறலாம் என்று அன்றைய இணை அமைச்சர் சொன்னார். அடுத்த ஆண்டு, 2023 நவம்பரில், அதே செர்ட்-இன் அமைப்புக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்கும் கொடுத்தீர்கள். மக்களைப் பற்றிய பதிவு நீண்டுகொண்டே போகிறது, அதைக் கேட்கிறவர்களைப் பற்றி மக்கள் கேட்கும் வழி குறுகிக்கொண்டே போகிறது.

இப்படிச் சேர்த்து வைத்தால் அது பத்திரமாக இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. 2013-ல் அருண் ஜெட்லி மாநிலங்களவை எதிர்க்கட்சித் தலைவராக இருந்தபோது அவருடைய அழைப்புப் பதிவுகளைத் திருட்டுத்தனமாக எடுத்த வழக்கில் கைதானவர்களில் ஒருவர் டெல்லி காவல்துறையின் காவலர். தனியார் துப்பறிவாளர்களும் பிடிபட்டார்கள். வேலியே பயிரை மேய்ந்தது. அழைப்புப் பதிவுகள் வெளியே போனால் ஒரு குடிமகனின் அந்தரங்கம் என்னாகும் என்று ஜெட்லி அப்போது கட்டுரையே எழுதினார். நாடறிந்த தலைவருக்கே அந்த நிலை என்றால், கணவன் கண்ணில் படாமல் ஒரு வழக்கறிஞரைத் தேடும் பெண்ணுக்கு என்ன பாதுகாப்பு? 2023 ஜூனில் கொரோனா தடுப்பூசித் தளமான கோவினின் விவரங்கள் டெலிகிராமில் ஒரு பாட்டில் (தானாகப் பதில் தரும் கணக்கு) செல் நம்பரைத் தட்டினால் வந்து விழுந்தன. 2024 மே மாதம் தமிழ்நாடு காவல்துறையின் முக அடையாளத் தளத்துக்குள் வெளியாட்கள் நுழைந்தார்கள். அதே ஆண்டு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள், மருத்துவ அறிக்கைகள் உட்பட, மறுபடியும் டெலிகிராமில். இதெல்லாம் தரவைக் காப்பதற்குப் பணமும் ஆளும் உள்ள இடங்கள். என் மேசைக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டரை நினைத்துப் பாருங்கள். இல்லாத தரவை மட்டும்தான் யாராலும் திருட முடியாது. உங்கள் விதி, அழித்திருக்க வேண்டியதை அழிக்காதே என்கிறது.

முரணும் அங்கேதான் இருக்கிறது. இந்த விதிகளுக்கு அடிப்படையான, 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், நோக்கம் முடிந்தாலோ ஒப்புதலைத் திரும்பப் பெற்றாலோ தரவை அழிக்க வேண்டும் என்கிறது, அழிக்கச் சொல்லிக் கேட்கும் உரிமையையும் நமக்குத் தருகிறது. வேறு சட்டப்படி வைக்க வேண்டியிருந்தால் தவிர, என்ற ஒரு வாசல் மட்டும் அதில் திறந்திருந்தது. அந்த வாசல் வழியாக எல்லோரையும் எல்லா நேரத்துக்கும் உள்ளே தள்ளுகிறது 8(3). நான் ஒரு செயலியை இன்று நீக்கி, கணக்கை மூடி, என் தரவை அழியுங்கள் என்று எழுதிக் கொடுத்தாலும் ஓராண்டு அது அங்கேயே கிடக்கும். அரசு அதைக் கேட்டு வாங்கினாலும், சொன்னால் பாதுகாப்புக்குப் பாதகம் என்று கருதினால், எனக்குச் சொல்லக் கூடாது என்கிறது 23-ம் விதி. தரவுப் பாதுகாப்பு என்ற பெயரில் வந்த சட்டத்தின் கீழ் இப்படி ஒரு விதி இருப்பது எனக்கு உண்மையிலேயே வேதனையாக இருக்கிறது.

நீதிமன்றங்கள் ஏற்கெனவே சொன்னதையும் பாருங்கள். 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்ற அமர்வின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அதில் கை வைக்க வேண்டுமானால் சட்டம் வேண்டும், நியாயமான நோக்கம் வேண்டும், நோக்கத்துக்குத் தேவையான அளவைத் தாண்டக் கூடாது என்றார்கள். 2018 செப்டம்பரில் ஆதார் வழக்கில் இன்னும் நேராகவே ஒரு விஷயம் வந்தது: ஆதார் சரிபார்ப்புப் பதிவுகளை ஐந்தாண்டு வைக்கலாம் என்றிருந்த ஒழுங்குமுறையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, ஆறு மாதத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்றது. ஒரு மனிதர் எங்கே, எப்போது விரலை வைத்தார் என்ற பதிவுக்கே ஆறு மாதம்தான் எல்லை. அவர் இணையத்தில் போன வந்த இடமெல்லாம் ஓராண்டு என்றால் எந்தத் தராசில் நிறுத்தீர்கள்? 2025 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், குற்றத்தைக் கண்டுபிடிப்பதற்காக என்றாலும் பொது அவசரநிலையோ பொதுப் பாதுகாப்போ இல்லாமல் தொலைபேசியை ஒட்டுக்கேட்க முடியாது என்று தீர்ப்பளித்தது. ஒட்டுக்கேட்பதற்காவது உள்துறைச் செயலாளரின் உத்தரவு வேண்டும், மறு ஆய்வுக் குழு வேண்டும். முன்கூட்டியே சேர்த்து வைப்பதற்கு யார் மீதும் சந்தேகம்கூட வேண்டாம்.

"ஐபி விவரம் இல்லாமல் சைபர் மோசடிக்காரர்களை எப்படிப் பிடிப்பது?" என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. இது லேசான கேள்வி இல்லை. டிஜிட்டல் கைது என்று மிரட்டி ஓய்வூதியப் பணம் முழுக்கப் பறிகொடுத்த பெரியவர்களை நானும் பார்த்திருக்கிறேன், சைபர் மோசடிப் புகாருக்கான 1930 எண்ணுக்கு அழைக்கும்போது அவர்கள் குரல் எப்படி நடுங்கும் என்று தெரியும். ஆனால் அழைப்புப் பதிவும் ஐபி பதிவும் தொலைத்தொடர்பு நிறுவனங்களிடம் ஏற்கெனவே இரண்டாண்டுக்கு இருக்கிறது. இருந்தும் மோசடி பெருகத்தான் செய்கிறது. காரணம் பதிவுப் பற்றாக்குறை இல்லை. வாடகைக்கு விடப்படும் வங்கிக் கணக்குகள், மொத்தமாக விற்கப்படும் சிம்கள், கம்போடியா, மியான்மரில் உட்கார்ந்துகொண்டு அழைக்கும் கும்பல்கள். அந்தக் கும்பல்கள் எங்கள் ஊர் ஆசிரியை எந்தத் தளத்துக்குப் போனார் என்ற பதிவில் அகப்படாது.

இன்னொன்று, இந்தப் பதிவுகளை நீங்கள் நினைக்கிற அளவுக்கு நம்பவும் முடியாது. ஐபி முகவரிகள் பற்றாக்குறை என்பதால் ஒரே பொது ஐபிக்குப் பின்னால் பல வீடுகளை வைத்துத்தான் எல்லோரும் இயக்குகிறோம். எந்த வீடு என்று சொல்ல போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் வேண்டும். எங்களுக்கு வந்த காவல் நிலையக் கடிதம் ஒன்றில் ஐபியும் தேதியும் மட்டுமே இருந்தன. அதை வைத்துப் பட்டியல் எடுத்தால் ஒரு தெருவே வரும். போர்ட் எண் இல்லாமல் சொல்ல முடியாது என்று பதில் எழுதினோம். அவசரத்தில் யாராவது ஒரு பெயரைக் கொடுத்திருந்தால் அந்த வீட்டு வாசலில் ஜீப் நின்றிருக்கும். விளம்பரம் வந்த சர்வரும் பதிவில் அவர் "போன" இடமாகத்தான் தெரியும், பக்கத்து வீட்டுப் பையன் வைஃபை பாஸ்வேர்டு வாங்கிப் பார்த்ததும் அவர் பார்த்ததாகத்தான் தெரியும். பதிவில் இருப்பது கருவி செய்தது. மனிதர் செய்தது அதில் இருக்காது.

டென்மார்க் இதை முழுசாகச் செய்து பார்த்த நாடு. 2007-லிருந்து மக்களின் இணைய இணைப்புகளையே பதிவு செய்ய நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தினார்கள். சில ஆண்டுகளில் அவர்களின் நீதி அமைச்சகமே காவல்துறைக்கு இதனால் பெரிதாகப் பயன் இல்லை என்று ஒப்புக்கொண்டது, 2014-ல் அந்த விதியைக் கைவிட்டார்கள். 2019-ல் அதே நாட்டில், காவல்துறை பயன்படுத்திய தொலைபேசித் தரவில் பிழைகள் இருப்பது தெரியவந்து, அதை ஆதாரமாகக் காட்டுவதை இரண்டு மாதம் நிறுத்திவைத்து, 10,000-க்கும் மேற்பட்ட வழக்குகளை மறுபடி பார்க்க வேண்டியதாயிற்று. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ம் ஆண்டுத் தரவு வைப்பு ஆணையை அவர்களின் நீதிமன்றம் 2014 ஏப்ரல் 8-ல் ரத்து செய்தது. எந்தச் சந்தேகமும் இல்லாத மக்கள் அத்தனை பேரையும் ஒரேயடியாக உள்ளடக்கியது அதன் முக்கியக் குறைகளில் ஒன்று. ஜெர்மனியில் மால்டே ஷ்பிட்ஸ் என்ற பசுமைக் கட்சி அரசியல்வாதி தன் தொலைபேசி நிறுவனத்திடம் வழக்காடி, தன்னைப் பற்றி ஆறு மாதத்துக்குச் சேர்த்து வைத்திருந்த பதிவை வாங்கி 2011-ல் வெளியிடச் செய்தார். 35,000-க்கும் மேற்பட்ட வரிகள். எந்த ரயிலில் போனார், எங்கே தூங்கினார் என்று வரைபடத்தில் நகர்ந்துகொண்டே போகலாம். ஒரு பேச்சின் உள்ளடக்கம்கூட அதில் இல்லை.

மாற்று வழி இருக்கிறது, புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. குறிப்பிட்ட ஆள்மீது, குறிப்பிட்ட வழக்கில் சந்தேகம் வந்தவுடனேயே காவல்துறை நிறுவனத்துக்கு எழுதி, இந்த ஐபி, இந்தக் கணக்கு, இந்தத் தேதிகள், இதை அழிக்காமல் வையுங்கள் என்று சொல்லட்டும். அமெரிக்கச் சட்டத்தில் இப்படி 90 நாள் நிறுத்திவைக்கச் சொல்லலாம், தேவைப்பட்டால் இன்னொரு 90 நாள் நீட்டலாம். அதற்குள் உத்தரவோடு வந்து வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். எங்களைப் போன்ற நிறுவனத்துக்கு இது ஒரு மணி நேர வேலை. குற்றவாளியின் பதிவு அழியாது, மற்ற அத்தனை பேரின் பதிவும் தேங்காது.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். 8(3)-ஐ நீக்குங்கள், ஏழாம் அட்டவணையைக் காரணம் காட்டி எல்லோருடைய பதிவையும் வைக்கச் சொல்லாதீர்கள். அதன் இடத்தில், மேலே சொன்னபடி குறிப்பிட்ட வழக்குக்கு மட்டும் நிறுத்திவைக்கும் முறையை, ஒரு மாஜிஸ்திரேட்டின் ஒப்புதலோடு, காலக்கெடுவோடு கொண்டுவாருங்கள். தொலைத்தொடர்புத் துறையிடம் பேசி, இரண்டாண்டு நிபந்தனையை ஆதார் தீர்ப்பு காட்டிய ஆறு மாதத்துக்குள் கொண்டுவரச் சொல்லுங்கள். யாருடைய பதிவு கேட்கப்பட்டதோ அவருக்கு, விசாரணை முடிந்த பிறகாவது, தெரிவிக்க வேண்டும் என்று 23-ம் விதியைத் திருத்துங்கள். எத்தனை பேருடைய பதிவுகள் எந்தத் துறைக்குப் போயின, அவற்றில் எத்தனை குற்றப்பத்திரிகை வரை வந்தன என்ற கணக்கை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வையுங்கள். அந்தக் கணக்கு இல்லாமல் ஓராண்டு தேவை, இரண்டாண்டு தேவை என்று நீங்கள் சொல்வதை நாங்கள் எதை வைத்து நம்புவது?

இந்தத் திருத்தங்களின் வரைவை வெளியிட்டால் தமிழிலும் வெளியிடுங்கள். எங்கள் வாடிக்கையாளர்கள் பலரும் படித்துக் கருத்துச் சொல்வார்கள், பில் கட்ட வருகிறவர்களுக்கு எடுத்துச் சொல்லும் வேலையை நான் பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தென் தமிழ்நாட்டிலிருந்து ஒரு நெட்வொர்க் ஊழியர்